மூடிவைத்த டியூட்

உயர்தர வகுப்பில் அதிகம் சொல்லப்படும் பொய் எது தெரியுமா? “அந்த டியூட் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை” என்பதுதான். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

சேதன இரசாயனத் தாக்கங்கள் அனைத்தையும் நான்கு பக்கங்களில் தொகுத்த டியூட் அது. என் பக்கத்து மேசைத் தோழி கேட்டபோது அது என் பையினுள்ளே இருந்தது. தவணைப் பரீட்சையில் அந்த வினாவுக்கு நான் முழுமையாக விடை எழுதினேன். அவள் பாதியில் நிறுத்தினாள். பெறுபேறு வந்ததும் என் கையைப் பிடித்து, “மாஷா அல்லாஹ்” என்று மனதார வாழ்த்தியவள் அவள்தான்.

ஏன் மறைத்தேன்? பயம். “இது போட்டிப் பரீட்சை, பக்கத்தில் இருப்பவளும் உனக்குப் போட்டிதான்” என்று கேட்டுக் கேட்டே வளர்கிறோம். ஆனால், இசட் புள்ளியின் கணக்கு வேறு கதை சொல்கிறது. நாம் பெற்ற புள்ளியிலிருந்து, நாடு முழுவதும் அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பதே இசட் புள்ளி. இருபதாயிரம் பேர் தோற்றும் ஒரு பாடத்தில் என் தோழி இருபது புள்ளிகள் கூடுதலாகப் பெற்றால், சராசரி 0.001 மட்டுமே உயரும். இதற்காகவா ஒரு பொய்?

“பெரும்பாலான பாடநெறிகளில் 55 வீதமான இடங்கள் மாவட்ட அடிப்படையில் அல்லவா? வெட்டுப்புள்ளிக்கு அருகில் அவள் உன்னை முந்திவிட்டால்?” என்று கேட்பீர்கள். அப்படி நடக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவள் என்னைவிட நன்றாக எழுதி முந்தினால், அந்த இடம் அவளுக்குரியது. அவளிடம் டியூட் இல்லாததால் எனக்குக் கிடைக்கும் இடம் எப்படி என் திறமையாகும்?

அந்த டியூட் எனக்குக் கிடைத்ததும் என் திறமையால் அல்ல. நகரத்து டியூஷன் வகுப்பு முடிய மஃரிப் தாண்டிவிடும். என்னைக் கூட்டிவர வாப்பாவும் மோட்டார் சைக்கிளும் உண்டு. அவளுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை, துணைக்கு வரவும் ஆளில்லை. நம் வகுப்புகளில் இப்படி எத்தனை பேர்! பாதை மூடப்பட்ட ஒருத்திக்கு எஞ்சியிருந்த கதவையும் நான்தான் சாத்தினேன். அறிவை மறைப்பதை நம் மார்க்கம் கண்டிக்கிறது என்று இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளி பெற்றவளும் நானே.

இரண்டு வாரங்களின் பின் டியூட்டைக் கொடுத்து, உண்மையையும் சொன்னேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு பக்கங்களைப் புரட்டி, “கீற்றோனைவிட அல்டிகைட்டு ஏன் இலகுவாகத் தாக்கமுறுகிறது?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பாடமாக்கி எழுதியிருந்தேனே தவிர விளங்கியிருக்கவில்லை. இருவருமாகப் புத்தகத்தைத் திறந்து, அற்கைல் கூட்டங்கள் இலத்திரன்களைத் தள்ளுவதையும் இடத்தை அடைப்பதையும் வரைந்து பார்த்தோம். இனி அது எனக்கு மறக்காது.

அதனால் என் கருத்து இதுதான்: பரீட்சைக்கான சிறந்த தயாரிப்பு, தெரிந்ததை இன்னொருத்திக்கு விளங்கப்படுத்துவது. ளுஹர் தொழுகைக்குப் பின் அரை மணிநேரம் போதும். ஒரு நாளைக்கு ஒருத்தி ஒரு வினாவை எடுத்துக் கரும்பலகையில் செய்து காட்டட்டும். டியூஷன் போகும் நாம் நம் குறிப்புகளை வகுப்பு அலுமாரியில் வைப்போம், போக முடியாதவர்கள் எடுத்துப் பிரதி செய்யட்டும்.

வெட்டுப்புள்ளி யாரை எங்கே நிறுத்தும் என்று நமக்குத் தெரியாது. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது பக்கத்து மேசைக்காரியின் முகத்தை நேராகப் பார்க்க முடிய வேண்டும். அது மட்டும் நம் கையில் இருக்கிறது, சகோதரிகளே.