417 படி, ஒரு பூட்டு

சென்னையிலிருந்து மதுரைக்கோ ராமேஸ்வரத்துக்கோ காரில் போகிறவர்களுக்குத் திருச்சி ஒரு சாயங்கால ஊர். காலையில் ஸ்ரீரங்கம். மத்தியானம் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டை. மூச்சு வாங்க 417 படி ஏறி, உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. காவிரியைப் பின்னால் வைத்து நாலு செல்ஃபி. 'சூப்பர் வியூ!' இறங்கியாச்சு.

வியூ பார்க்கத்தானே ஏறுகிறார்கள், பார்க்கட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. அந்த வியூவைப் பற்றி 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கவிஞர் அதே மலையில் எழுதி வைத்துவிட்டார். உச்சிக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. அதை எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள்?

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் அது. பெயர், லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம். உள்ளே கங்காதரர். சடையின் ஒரு பிரியைப் பிடித்தபடி, இறங்கி வரும் கங்கையை ஏற்றுக்கொள்கிறார். இரண்டு பக்கத் தூண்களிலும் சமஸ்கிருதக் கல்வெட்டு. சமஸ்கிருதம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். விஷயம் சுத்தமான காவிரிக்கரை விஷயம். 'தரையில் ஒரு கோயிலில் நின்றுகொண்டு சோழர்களின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது?' என்று சிவன் கேட்டாராம். ராஜா இந்த மலை வீட்டைக் கொடுத்தானாம். இன்னொரு செய்யுளில் குறும்பு இன்னும் அதிகம். சிவனுக்கு நதி என்றாலே ஆசை. ஏற்கெனவே தலையில் ஒருத்தி. காவிரியின் அழகைப் பார்த்து இவளிடமும் மயங்கிவிட்டால்? அந்தப் பயத்தில் பார்வதி பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, 'இவள் பல்லவனுக்குப் பிரியமானவள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

இதை ஒன்பதாவது படிக்கிற பையனிடம் சொல்லுங்கள், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். நாம் சொல்லிக் கொடுத்தது என்ன? மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறினான், இரண்டு மார்க். அந்த மாற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவதும் இதே கல்வெட்டுதான் என்பது தனி வேடிக்கை.

மேலே நின்று, "அதோ பாருடா, ஆயிரம் வருஷத்துக் கோபுரம்" என்று ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் கைகாட்டுகிற அப்பாக்கள் உண்டு. சார், கோயில்தான் பழசு. விஜயநகர காலத்தில் ஆரம்பித்து மொட்டையாக நின்ற அந்த 236 அடி கோபுரத்தைக் கட்டி முடித்தது 1987இல். மாருதி 800 காருக்கு அது தம்பி! நிஜமாகவே பழசானதைப் பத்து நிமிஷம் முன்னால்தான் தாண்டி வந்தீர்கள்.

இன்னொரு கூட்டம் சாவியை எடுத்துப் பாறையில் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறிவிட்டுப் போகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 3 மாத ஜெயில், 5,000 ரூபாய் அபராதம் என்றிருந்ததை, 2010இல் 2 வருஷம், 1 லட்சம் வரை என்று உயர்த்தினார்கள். சாவிக்காரனுக்கு இதை யார் சொன்னது?

சேதம் என்றதும் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பூட்டு. நான் போன சாயங்காலம் கம்பி வழியாக இருட்டைத்தான் பார்க்க முடிந்தது. பூட்டினால் சிற்பம் பிழைக்கும், ஒத்துக்கொள்கிறேன். அருங்காட்சியகத்துக் கிடங்கிலும்தான் சிற்பங்கள் பத்திரமாக இருக்கின்றன. கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதை ஜனங்கள் எப்படி மதிப்பார்கள்?

படித்தது பி.காம். என்பதால் செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பிக்கு வெளியே நின்றாவது பார்க்கிற மாதிரி, கல்லைச் சுடாத ஒரு எல்இடி விளக்கு. வருஷக் கணக்கை ஒப்பிக்காமல், பார்வதியின் பயத்தை நல்ல தமிழில் சொல்கிற ஒரு பலகை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும், உள்ளூர்க் கல்லூரியில் வரலாறு படிக்கிற ஒரு பையனோ பெண்ணோ. பூட்டைத் திறந்து பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டுக் கதை சொல்லட்டும். கையில் சாவி எடுக்கிறவனையும் அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

மத்தியத் தொல்லியல் துறைக்கு 2020இலிருந்து திருச்சிக்கென்றே தனி வட்டம் இருக்கிறது. இனி சென்னையைக் கைகாட்ட முடியாது. விளக்கு எப்போது வரும்?