ஸ்கேன் நார்மல் என்றால் குடல் பத்திரமா?

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளை வயிறு வலிக்கிறது என்றதும் ஓர் அல்ட்ராசவுண்ட் எடுப்பதும், ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிவருவதும் வழக்கமாகிவிட்டது. வெளியே ரத்தக்காயம் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, பிறகென்ன பயம் என்கிறார்கள். குடலைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

விழும்போது முன்சக்கரம் திரும்பிக்கொள்ள, ஹேண்டில்பாரின் முனை நேராக வயிற்றில் குத்துகிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுத் தசை மெலிசு, கொழுப்பும் குறைவு. குத்திய வேகத்தில் சிறுகுடல் முதுகெலும்போடு அழுந்தி நசுங்குகிறது. தோலில் தெரிவது நாணயம் அளவுக்கு வட்டமான ஒரு சிவப்புத் தடம் மட்டுமே. காரில் பெரியவர்களுக்கான சீட் பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்த பிள்ளையின் அடிவயிற்றில் குறுக்கே விழும் தடமும் இதே எச்சரிக்கைதான். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தால் ரத்தம் பெருகும்; அல்ட்ராசவுண்ட் அதைப் பெரும்பாலும் காட்டிவிடும். குடலில் விழுந்த சிறு ஓட்டையிலிருந்து முதல் சில மணி நேரத்தில் கசிவதோ கொஞ்சம்தான். சிறுகுடலில் காற்றும் குறைவு என்பதால் எக்ஸ்ரேயிலும் அது தெரியாமல் போகலாம். சி.டி. ஸ்கேன்கூட, சீக்கிரமே எடுத்தால், தவறவிடுவதுண்டு. கசிந்தது பரவி வயிறு புண்ணாகி இறுக 12 மணி, 24 மணி நேரம் ஆகலாம். முன்சிறுகுடலின் சுவருக்குள் ரத்தம் கட்டி வழியை அடைத்தால், ஓரிரு நாள் கழித்துக்கூட வாந்தி தொடங்கும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓம வாட்டர் கொடுக்கும் வீடுகளில் அந்த நேரமும் வீணாகிறது.

விழுகிற பிள்ளையையெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். தேவையில்லை. எழுந்து ஓடி விளையாடி, பசித்துச் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஹேண்டில்பார் குத்தி, வலி தணியாத பிள்ளையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, முடிந்தால் அதே மருத்துவரே, வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கதிர்வீச்சும் இல்லை, பெரிய செலவும் இல்லை. (அறிகுறி மறைந்துவிடும் என்று வலி மருந்து தராமல் துடிக்கவிடுவதும் தவறு.) சில மணி நேரம் தாமதமானாலும் ஆபரேஷனுக்குப் பின் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் அந்த அவகாசம் கண்விழித்துக் கவனிப்பவர்களுக்குத்தான் உதவும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர், எதைக் கண்டால் நள்ளிரவானாலும் திரும்ப வரவேண்டும் என்று எழுதிக்கொடுக்கக் கடமைப்பட்டவர்: கூடிக்கொண்டே போகும் வலி, பச்சை வாந்தி, காய்ச்சல், படபடக்கும் நாடி, தொடவிடாமல் இறுகும் வயிறு. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. பிள்ளைகளுக்கு அது கடைசியில்தான் இறங்கும்.