எடைக்கு விற்கும் பொருள்களா இவை?

சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் அட்டன் கடைத்தெருவைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய இடங்களிலிருந்து பஸ் வண்டிகள் மக்களைக் கொணர்ந்து இறக்கிய வண்ணம் இருக்கின்றன. அரிசி, மா, சீனி வாங்கிய பின்னர் எஞ்சிய பணத்தைக் கையில் பொத்திக்கொண்டு, அலுமினியப் பானைக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் விலை கேட்டு நிற்கும் தாய்மாரை நாம் காண்கிறோம். நாட்டுக்குச் செல்வம் பறித்துக் கொடுத்த கை, நூறு ரூபாவைக் கொடுப்பதற்கு முன் பத்து முறை எண்ணிப் பார்க்கின்றது!

2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024 இல் 1350 ரூபாவானது. இரண்டும் போராடிப் பெற்றவை. அவ்வாறு பெற்ற ரூபா கடைத்தெருவில் எவ்வாறு கரைகின்றது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை. அதனினும் குறைவாக நாம் பேசியது, லயத்திலிருந்து வெளியேறும் பொருள்களைப் பற்றி.

பழைய இரும்பு, பித்தளை, போத்தல், கடதாசி வாங்கும் வியாபாரி தராசுடன் லயத்து வாசலுக்கே வருகின்றார். பாட்டி கடல் கடந்து கொண்டுவந்த பித்தளைக் குடம் தராசில் ஏறுகின்றது. துருப்பிடித்த தகரப் பெட்டியும், அதனுள்ளே கிடந்த பழைய கடதாசிகளும் ஏறுகின்றன. கிடைத்த பணத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வீட்டுக்கு வருகின்றது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகிவிட்டன. துரை அமர்ந்த கதிரையும் அவர் பார்த்த கடிகாரமும் அங்கே துடைத்து வைக்கப்பட்டுள்ளன. தொழிலாளியின் குடத்துக்கோ எடைதான் விலை! இது நீதியா?

அந்தப் பெட்டியில் இருந்தவை யாவை? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்து அனுப்பியபோது, தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதுவே டின் டிக்கட். தொழிலாளியின் கடனை எழுதி, அக்கடனைத் தீர்ப்பவர் அவனை அழைத்துச் செல்லலாம் என்று காட்டிய சீட்டு ஒன்றும் இருந்தது. அதுவே துண்டு. 1921 இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அடிமைத்தளையின் அடையாளங்களாக இருந்த இவற்றை, இன்று பழம்பொருள் சேர்ப்போர் தேடி வாங்குகின்றனர். விற்ற வீட்டுக்குக் கிடைத்தது பழைய தகரத்தின் விலை.

நட்டம் காசளவில் நின்றிருந்தால் நாம் இவ்வளவு கூறியிருக்கமாட்டோம். சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் வேறொரு நட்டத்தைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமோ, குடியுரிமை வேண்டுமாயின் 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுமாறு கேட்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் எழுத்துச் சான்று கேட்டார்கள்! ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவின் பங்காகக் கணக்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்கு வழி திறந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவர், அல்லது அவர்தம் சந்ததி என்பதையே தகுதியாக வைத்தது. பாட்டனின் பெயர் எழுதிய ஒரு பழைய கடதாசி வெறுங் கடதாசியா? நாளை காணிக்கும் வீட்டுக்கும் உறுதி கேட்டு நிற்கும்போது, எத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தீர்கள் என்ற கேள்விக்கு எதனைக் காட்டுவோம்? 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் வீடுகளைக் கொண்டுசென்றபோது பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. மண் கொண்டுபோனதற்கு நாம் என் செய்வோம்? தராசு கொண்டுபோவதையேனும் தடுக்கலாம் அன்றோ!

பசிக்கு விற்பவரை நாம் குறை கூறவில்லை. உலை கொதிக்காத வீட்டில் வரலாறு பேசுவது அறமாகாது. எனினும் பித்தளையை விற்க நேர்ந்தாலும் கடதாசியை விற்க வேண்டியதில்லை. கடதாசி நிறுத்துத் தரும் காசில் ஒரு றாத்தல் பாணும் வராது.

வாங்கும்போதும் இதே விழிப்பு வேண்டும். தவணைக்கு அலுமாரி வாங்கிய குடும்பம் ஒன்று நம்மிடம் வந்தது. கட்டிய பணம் எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு என்பதற்கு அவர்களிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. கடைக்காரரின் கொப்பியே வேதம்! 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். விலைப்பட்டியலைக் கண்ணிற்படும் இடத்தில் வைக்கவும் வேண்டும். கேட்பது பிச்சையன்று, உரிமை. தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே.

நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியார் எவரும் தோட்டத்துள் நுழைய முடியாதிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு, பொட்டணியைச் சுமந்து லயங்களுக்குட் சென்றார். மக்களின் துயரைக் கண்டு வந்து எழுதினார். 1936 இல் அவரை அட்டன் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை, விழிப்பூட்டும் பாடல்களைப் பாடிச் சிறு நூல்களாகவும் அச்சிட்டு மக்களிடையே பரப்பினார். 1947 இல் தலவாக்கலையின் பிரதிநிதியான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். புடவைப் பொட்டணிக்குள் விடுதலை நுழைந்த மண் இது. இம்மண்ணிலே தீபாவளி முற்பணத்தில் புத்தாடையோடு ஒரு புத்தகமும் வாங்கினால் எவர் குறைந்துபோவார்?

கற்றறிந்த பெருமக்களே! உங்களுக்கு இங்கே வேலை உண்டு. ஆசிரியர்கள் தம் மாணவர் வீட்டுப் பழைய பத்திரங்களைப் படம் பிடித்துக் கொடுக்கலாம். சட்டத்தரணிகள் எது சான்றாகும், எது ஆகாது என்று விளக்கலாம். 2007 இல் கம்பளைக்கு அண்மையில், பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அரும்பொருளகம் அமைந்தது. விற்றே தீரவேண்டிய பொருளை உரிய விலை கொடுத்து வாங்கி, அத்தகைய இடத்துக்கு அளிக்கலாம். நுவரெலியாவின் உழவர் பெருமக்களே! கோவாவிலும் உருளைக்கிழங்கிலும் ஒரு கிலோ குறைத்து நிறுத்தால் நீங்கள் பொறுப்பதில்லை. தராசின் சூது உங்களுக்குத் தெரியும். அயலிலுள்ள லயத்து வாசலில் ஒரு தலைமுறையையே நிறுக்கும் தராசைக் கண்டால், அங்கேயும் ஒரு சொல் சொல்லுங்கள்.

வாங்கும் பொருளுக்குச் சீட்டுக் கேட்போம். வைத்திருக்கும் சீட்டைக் காப்போம். கடனைக் காட்டிய துண்டினால் கட்டுண்டவர் நம் பாட்டன்மார். உரிமையைக் காட்டும் துண்டை எடைக்குப் போட்ட பேரர்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.