காஞ்சிக்கு வடக்கே செல்லும் பாதை

2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்த ஏழு அதிவேக ரயில் தடங்களில் சென்னை–பெங்களூருத் தடமும் ஒன்று. அதற்கு முன்பே, மைசூரு வரை ஏறத்தாழ 435 கி.மீ. நீளும் ஒரு தடத்துக்காகத் தேசிய அதிவேக ரயில் கழகம் மேற்கொண்ட ஆய்வு, பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், கோலார் வழியாகச் செல்லும் வரைவொன்றைக் காட்டியிருந்தது. அந்த வரைவில் காஞ்சிபுரம் இல்லை. காஞ்சிக்கும் ஒரு நிறுத்தம் வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பே. ஆனால் போக்குவரத்துத் திட்டமிடலைத் தொழிலாகக் கொண்டோர் முதலில் கேட்க வேண்டியது அதுவன்று. தன்னை விலகிச் செல்லும் பாதையை ஓர் ஊர் எட்டுவதற்கான வழி எப்போது, எவ்வாறு, யாருடைய செலவில் அமைக்கப்படும் என்பதையே அவர்கள் கேட்க வேண்டும். இக்கேள்விக்கு ஒரு முறை தவறான விடை தரப்பட்டதன் விளைவைக் காஞ்சிபுரம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டபோது, அது அரக்கோணம் வழியாக, காஞ்சிக்கு வடக்கே விலகிச் சென்றது. கோயில் நகரமும் நெசவு நகரமுமான காஞ்சிக்கு 1865இல்தான் ரயில் வந்தது. அதுவும் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து 19 மைல் நீளத்துக்குப் போட்ட ஒரு கிளைப் பாதையாக வந்தது. முதன்மைப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஐந்தரை அடியாக, அதாவது 1,676 மி.மீ. ஆக இருக்க, செலவைக் குறைக்கும் நோக்கில் கிளைப் பாதை மூன்றரை அடி அகலத்தில் போடப்பட்டது. ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓட இயலாததால், காஞ்சிக்கு வந்த பயணியும் சரக்கும் அரக்கோணத்தில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. அப்பாதை பிறகு மீட்டர் பாதையாக மாற்றப்பட்டு, செங்கற்பட்டு வரை நீட்டப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் கழித்தே அகலப் பாதையானது. கிளைப் பாதையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த ஒரு முடிவைச் சரிசெய்ய அத்தனை தலைமுறைகள் ஆயின.

இப்போது திட்டமிடப்படும் தடமும் அதே அரக்கோணத்தைத் தொட்டு, அதே போல் வேறோர் அகலத்தில் அமையவிருக்கிறது. மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்துக்கெனப் புதிதாகப் போடப்படும் பாதையையே உலக வழக்கில் அதிவேகப் பாதை என்பர். இந்தியாவின் முதல் அதிவேகத் தடமான மும்பை–அகமதாபாத் தடம் 508 கி.மீ. நீளத்தில், 12 நிலையங்களுடன், 1,435 மி.மீ. அகலத்தில், மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் வண்டிகள் ஓடுவதற்காகக் கட்டப்படுகிறது. இத்தகைய வேகத்தில் பாதையின் வளைவுகள் பல கிலோமீட்டர் ஆரம் கொண்டவையாக இருக்க வேண்டும் என்பதால், ஓர் ஊரைத் தொடுவதற்காகப் பாதையை வளைத்து மீண்டும் நேராக்குவது எளிதன்று. ஒவ்வொரு நிறுத்தமும், வேகம் குறைப்பதையும் கூட்டுவதையும் சேர்த்து, ஐந்து நிமிடமளவு நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே சென்னைக்கு 75 கி.மீ. தொலைவுக்குள் பூந்தமல்லி, காஞ்சிபுரம், அரக்கோணம் என மூன்று நிலையங்கள் கேட்பது தடத்தின் நோக்கத்தையே குலைக்கும். காஞ்சிக்குத் தனி நிறுத்தம் இல்லை என்ற முடிவைப் பொறியியல் நோக்கில் ஏற்கலாம். அந்த முடிவோடு அரக்கோணத்தில் நல்ல இணைப்பு உறுதி செய்யப்படாவிட்டால் அதை ஏற்க இயலாது.

அரக்கோணத்தில் அதிவேக நிலையம் அமையும் என்று வரைபடத்தில் எழுதுவது இணைப்பு ஆகாது. மும்பை–அகமதாபாத் தடத்தில் சூரத் நகருக்கான அதிவேக நிலையம் நகருக்கு வெளியே அந்த்ரோலியில் கட்டப்படுகிறது. பிரான்சின் வடக்குத் தடத்தில் 1990களில் திறக்கப்பட்ட ஓத்-பிக்கார்டி நிலையம் அமியான், சான்-கான்தான் என்னும் இரு நகரங்களுக்கும் நடுவே வயல்வெளியில் அமைந்தது. அவ்விரு நகரங்களை இணைக்கும் பழைய ரயில் பாதையோடு அதற்குத் தொடர்பில்லாததால், பேருந்தையோ காரையோ நம்பியே மக்கள் அதை அடைய வேண்டியிருந்தது. நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் நிலையம் அமைக்கும் ஆசை, நிலக் கையகப்படுத்தலுக்கே ஆறு ஆண்டுகளுக்கு மேல் செலவிட்ட மும்பை–அகமதாபாத் அனுபவத்துக்குப் பிறகு, இங்கும் வலுவாகவே இருக்கும். அரக்கோணத்தின் பழைய சந்திப்பிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய நிலையம் அமையுமானால், பெங்களூருவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து இறங்கும் பயணி, காஞ்சிக்கான எஞ்சிய 30 கி.மீ. தொலைவைக் கடக்க அதே அளவு நேரம் செலவிடுவார். செங்கற்பட்டு–அரக்கோணம் ஒற்றைப் பாதையை இரட்டிப்பாக்கும் பணி அதிவேகத் தடத்தின் கால அட்டவணையோடு பிணைக்கப்பட்டு, இரு பாதைகளின் நடைமேடைகளும் ஒரே கூரையின் கீழ் வந்து, காஞ்சி வண்டியின் புறப்பாடு அதிவேக வண்டியின் வருகையை ஒட்டி வகுக்கப்பட்டால் மட்டுமே இந்த நிலையம் காஞ்சிக்குப் பயன்படும்.

இங்கு மற்றொரு சிக்கல் உண்டு. சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் இடையே ஏறத்தாழ 140 கி.மீ. நீளத்துக்கு, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும் மண்டல விரைவு ரயிலுக்கான சாத்தியக்கூறு ஆய்வைத் தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. டெல்லி–மீரட் இடையே 2023 அக்டோபர் முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட ரயிலைப் போன்ற இது, அதிவேக ரயிலுக்கும் புறநகர் ரயிலுக்கும் இடைப்பட்ட வகை. காஞ்சியின் அன்றாடத் தேவைக்கு அதிவேக ரயிலைவிட இதுவே பொருத்தமானது. இதோடு பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையம், பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை நீட்டத் திட்டமிடப்படும் மெட்ரோ, பெங்களூரு விரைவுச் சாலை ஆகியவையும் இதே நிலப்பரப்பில் கால் ஊன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு, ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு கலந்தாலோசகர், ஒவ்வொரு கலந்தாலோசகரிடமும் ஒரு பயணி எண்ணிக்கைக் கணிப்பு என்ற நிலையில், ஒரே பயணி ஐந்து திட்டங்களிலும் எண்ணப்படும் ஆபத்து மெய்யானது. விரிவான திட்ட அறிக்கையை ஆய்வோர், மற்ற நான்கும் கட்டி முடிக்கப்பட்டதாகக் கொண்டு கணித்த எண்ணிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும்.

நிலத்தின் தன்மை இதைவிடக் கவனத்துக்குரியது. காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகளின் நாடு. ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் உபரிநீர் அடுத்த ஏரிக்கு வரத்தாக அமையும் சங்கிலித் தொடர் இங்கு பல நூற்றாண்டுகளாக இயங்குகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவைக் குறிப்பிடுவது, இந்த நீர்த்தொடரைக் காப்பது ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக இருந்ததைக் காட்டுகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்கள் 2022 முதல் எழுப்பிவரும் எதிர்ப்பின் நடுவே நிற்பதும் நீர்நிலைகளே. அதிவேகப் பாதை பெரும்பாலும் தூண்களின் மேல் செல்வதால் நீரோட்டத்தைத் தடுக்காது என்று சொல்லப்படுவதுண்டு. தூண்களைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. கட்டுமானத்தைப் பொறுத்தவரை உண்மையன்று. மும்பை–அகமதாபாத் தடத்தில் 40 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 970 டன் எடையும் கொண்ட உத்தரங்கள் முழுதாக வார்க்கப்பட்டுத் தூக்கி வைக்கப்படுகின்றன. அவ்வளவு பெரிய கான்கிரீட் உத்தரத்தைப் பொதுச் சாலையில் கொண்டுபோக இயலாது. ஆகையால் தடத்தை ஒட்டியே பரந்த வார்ப்புக் களங்களும் தற்காலிக மண் பாதைகளும் அமைக்கப்படுகின்றன. ஆழம் குறைந்த வரத்துக் கால்வாய் ஒன்றின் மேல் கொட்டப்படும் மண் இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைக் கடந்தும் அகற்றப்படாமல் கிடந்தால், கீழ்ப்புற ஏரி நிரம்பாது. மேற்புற வயல் மூழ்கும். சுற்றுச்சூழல் ஆய்வு தடத்தின் அகலத்தோடு நிற்காமல், வார்ப்புக் களங்களையும் உள்ளடக்கி, ஒவ்வொரு மதகையும் கலங்கலையும் பெயரோடு பதிவு செய்தாக வேண்டும்.

நெசவாளர் பற்றிய கேள்வியும் நிலத்திலேயே தொடங்குகிறது. எந்தத் தடமாயினும், நெசவுக் குடும்பம் ஒன்றின் வீடு அதன் எல்லைக்குள் வந்தால், அங்கு எடுக்கப்படுவது வீடு மட்டுமன்று. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி மிதிகளை இயக்குகிறார். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலைக்கு, தறியின் மறுபக்கம் ஓர் உதவியாளும் இருந்து நாடாவை வாங்கித் திருப்பி விட வேண்டும். பாவு நூலை நீட்டிச் சரிசெய்ய வீட்டுக்கு வெளியே நீண்ட தெரு வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் குழியும் இல்லை, தெருவும் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் எடுக்கப்படும் பகுதியில் மூன்றாண்டுகள் தொழில் செய்து வாழ்ந்த கைவினைஞரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதுகிறது. ஆனால் ரயில்வே சட்டத்தின் வழி நிலம் எடுக்கப்பட்டால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது யார் எதை இழக்கிறார் என்று முன்கூட்டியே ஊரில் சென்று கணக்கெடுக்கும் நடைமுறை, கட்டாயமாகாது. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் அக்கணக்கெடுப்பைச் செய்வதே இத்துறையின் தொழில் நெறிக்கு ஏற்றது.

அதிவேக ரயில் நெசவை வாழவைக்கும் என்ற வாக்குறுதியையும் அளவோடு கொள்ள வேண்டும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் சாலை வழியே வருகின்றன. பயணிகளுக்கு மட்டுமான பாதை இதை மாற்றாது. காந்தி சாலைக் கடைகளுக்குப் பெங்களூருவிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் வாடிக்கையாளர் கிடைக்கக்கூடும். அந்தப் பணத்தில் தறிக்குச் சேரும் பங்கு கூலி நிர்ணயத்தைப் பொறுத்ததே ஒழிய ரயிலைப் பொறுத்ததன்று. பட்டு நெசவும் கோயில்களும் ஒருங்கே அமைந்த கியோட்டோ இதற்குத் தக்க சான்று: 1964 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட டோக்கியோ–ஒசாகா அதிவேகப் பாதை அந்நகரின் பழைய நிலையத்துக்குள்ளேயே வந்தது, யாத்திரிகரும் சுற்றுலாப் பயணிகளும் பெருகினர், ஆயினும் கிமோனோ உடுத்துவோர் குறைந்ததால் அந்நகரின் நிஷிஜின் பட்டு நெசவு சுருங்கிக்கொண்டே வந்தது.

ரயிலால் காஞ்சிக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது வழிபாட்டுக் கூட்டத்தைத் தாங்கும் திறன். வரதராஜப் பெருமாள் கோயிலில் 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள் நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. சாலைகளும் வாகன நிறுத்தங்களும் தாங்காத அந்தக் கூட்டத்தில் ஒற்றைப் பாதை ரயிலால் சிறு பங்கையே சுமக்க முடிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் அவ்வைபவம் அடுத்து வருவது 2059இல். நூறாண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்படும் ஒரு தடத்துக்கு 2059 தொலைவிலுள்ள ஆண்டன்று. அரக்கோணம் நிலையத்தின் நடைமேடை அகலம், காஞ்சி நோக்கிய வண்டிகளை நிறுத்திவைக்கும் பாதைகளின் எண்ணிக்கை, செங்கற்பட்டு–அரக்கோணம் பிரிவின் சைகை அமைப்பு ஆகியவற்றின் அளவுகள் அந்த 48 நாட்களைக் கணக்கில் கொண்டு இப்போதைய திட்ட அறிக்கையிலேயே குறிக்கப்பட வேண்டும்.