மெல்லிய நெருப்பும் நமது நேரமும்



எமது மாதாந்தக் கூட்டங்களுக்கு வரும் சகோதரிகளில் பலர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர்கள். வேறு சிலர் கொட்டாஞ்சேனையில் தமது ஒற்றை அறையிலேயே ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர்கள். இரு பகுதியினரும் அண்மைக் காலமாக ஒரே விடயத்தைக் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் மாட்டிறைச்சியை நார் நாராகப் பிய்த்து, இனிப்பும் புளிப்பும் உறைப்பும் கலந்த பாபிகியூக் குழம்பில் பிரட்டி, பாணுக்குள் வைத்துத் தரும்படி கேட்கிறார்களாம். "ஸ்லோ குக்கர்" என்ற மின்சட்டியையும் சிலர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். "இதை எப்படிச் செய்வது? இதை விற்றால் நாலு காசு பார்க்கலாமா?" என்பதே கேள்வி.

முதற் கேள்விக்கு மறுமொழி சொல்வது இலகு. இரண்டாவதற்குச் சற்று கணக்குப் பார்க்க வேண்டும். இம்மாதம் இரண்டையும் பார்ப்போம்.

மாட்டிறைச்சி உண்ணாத சகோதரிகள் எம்மிடையே பலர் உண்டு. அவர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதே முறையில், இதே குழம்பில், பலாப்பிஞ்சையும் செய்யலாம். பலாப்பிஞ்சு அவிந்ததும் இறைச்சி போலவே நார் நாராகப் பிரியும். நேரம் மட்டும் பாதிக்கும் குறைவாகப் போதும்.

முதலில் இந்தச் சட்டியின் கதையைக் கேளுங்கள். கிழக்கு ஐரோப்பாவில் லித்துவேனியாப் பக்கத்து யூதப் பெண்களுக்கு வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை ஓய்வு நாள். அந்நேரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே அவர்கள் இறைச்சியும் அவரையும் தானியமும் போட்ட சட்டியை வெள்ளி மாலை ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாண் சுட்டு முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் போறணையின் மிச்சச் சூட்டில் அது இரவு முழுதும் மெல்ல அவியும். தாய் சொன்ன இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சிக்காகோ நகரத்து ஏர்விங் நாக்சன் என்பவர் மின்சாரத்தில் மெல்ல அவிக்கும் சட்டியொன்றைச் செய்து, 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் ரைவல் என்ற நிறுவனம் அதை "குரொக் பொட்" என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு உகந்தது என்று விளம்பரமும் செய்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டி கிடைத்தது. சமையல் அவளுடைய பொறுப்பு என்பது மட்டும் மாறவில்லை. இது எமக்கும் தெரிந்த கதைதானே?

ஏன் மெல்லிய சூடு? தோள்பட்டை, முன்னங்கால் போன்ற இடங்களின் தசை, மாடு நடந்தும் இழுத்தும் உழைத்த தசை. அதனுள் வெண்ணிறச் சவ்வு நிறைய உண்டு. விரைவாகச் சமைத்தால் அது இறுகி, இறைச்சி செருப்புத் தோல் போலாகும். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸுக்கு மேல் மணித்தியாலக் கணக்கில் வைத்திருந்தால்தான் அந்தச் சவ்வு கரைந்து பசை போலாகி, நார்கள் தாமாகப் பிரியும். எமது நாட்டில் இறைச்சிக்கு வருபவற்றில் பால் வற்றிய பசுக்களும் வயது போன மாடுகளும் அதிகம். ஆகவே இந்த முறை எமக்கு நன்றாகவே பொருந்தும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பாபிகியூவை வளர்த்தெடுத்தவர்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்களின் பங்கு பெரிது. கடினமான இறைச்சியைப் பொறுமையான நெருப்பால் மெதுமையாக்கியவர்கள் அவர்கள்.

இனிச் செய்முறை.

எலும்பில்லாத தோள்பட்டை இறைச்சி 1 கிலோவை நான்கு பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். உப்பு, மிளகுதூள், ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் பூசி அரை மணி நேரம் வையுங்கள். கடைக்காரரிடம் கேட்கும்போது "பிய்க்கிறதுக்கு" என்று சொல்லுங்கள். கொழுப்பும் சவ்வும் உள்ள துண்டையே தரட்டும், அது விலையும் குறைவு. போயா தினங்களில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, துண்டுகளை எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாகும்வரை வாட்டி எடுங்கள். அதே எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயம், எட்டுப் பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி ஆகியவற்றை வெட்டிப் போட்டு வதக்குங்கள். பின்னர் நான்கு தக்காளிப்பழம், தேசிக்காயளவு பழப்புளியின் கரைசல், கால் கோப்பை தென்னை வினாகிரி, மூன்று மேசைக்கரண்டி சீவிய கித்துள் கருப்பட்டி அல்லது பனங்கட்டி, வினாகிரியில் அரைத்த கடுகு ஒரு மேசைக்கரண்டி, ஒரு துண்டு கறுவா, ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கடைப் போத்தல் சோஸ் வாங்கத் தேவையில்லை. அதில் இருப்பதும் தக்காளி, இனிப்பு, வினாகிரி, கடுகு, உறைப்புத்தான். எங்கள் கையில் அவை எல்லாம் உண்டு.

ஸ்லோ குக்கர் இருந்தால் இறைச்சியையும் குழம்பையும் அதிலிட்டு, குறைந்த சூட்டில் 8 மணி நேரம், கூடிய சூட்டில் 4 முதல் 5 மணி நேரம் வையுங்கள். இடையில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்த்து வைத்த சூடு போய்விடும். உறைந்த இறைச்சியை அப்படியே போடவும் வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கனடா, அமெரிக்காவிலிருந்து வரும் சட்டிகள் 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. எமது மின்சாரம் 230 வோல்ற். அப்படியே செருகினால் சட்டி கருகும், தீயும் பிடிக்கலாம். சட்டியின் அடியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருக வேண்டாம். இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவை பெரும்பாலும் எமது மின்சாரத்துக்குப் பொருந்தும். செருகியின் வடிவத்தை மட்டும் பாருங்கள்.

சட்டி இல்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. அடி கனத்த பாத்திரத்தில் மிகச் சிறிய நெருப்பில் 3 முதல் 3½ மணி நேரம் வைத்தால் அதே பதம் வரும். பிரஷர் குக்கரில் 45 நிமிடம் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வருடம் ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயுவின் விலை 4,860 ரூபாவானது; அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டும் இருந்தது. இப்படியான காலத்துக்கு வைக்கோற்பெட்டி உதவும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் எரிபொருளைச் சேமிக்க வீட்டுப் பெண்கள் இதைப் பயன்படுத்தினார்கள். இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, குழம்போடு அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். இறக்கியவுடன் மூடியைத் திறக்காமல் தடித்த துவாய்களால் சுற்றி, மீன் வரும் ரெஜிபோம் பெட்டியொன்றைக் கழுவிக் காயவைத்து அதனுள் வைத்து மூடுங்கள். சுடுபாத்திரம் ரெஜிபோமில் நேரே படக்கூடாது, உருகிவிடும். 4 மணி நேரத்தில் எடுத்து மீண்டும் நன்றாகக் கொதிக்க வைத்து, மெதுமையாகும்வரை அடுப்பில் வையுங்கள். எரிபொருளில் பெரும்பகுதி மிச்சம்.

எந்த முறையானாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஸ்லோ குக்கரில் பாதி அவிந்தபோது மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றதென்று தெரியாவிட்டால், அந்த இறைச்சியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். நட்டம்தான், ஆயினும் ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமற் போனால் வரும் நட்டம் அதனிலும் பெரிது.

அவிந்த இறைச்சியை இரண்டு முள்ளுக்கரண்டியால் பிய்த்து, குழம்பைத் தனியே வற்றவைத்து, இரண்டையும் சேருங்கள். பணிஸை அல்லது றோஸ் பாணை இரண்டாக வெட்டி லேசாகச் சூடாக்கி, மெல்லிதாக அரிந்த கோவாவையும் கரட்டையும் தேசிக்காய்ப்புளியில் பிசறி அடியில் பரப்பி, மேலே இறைச்சியை வையுங்கள்.

இனி, விற்பனைக்கு வருவோம்.

1 கிலோ இறைச்சி அவிந்து பிய்த்த பின் 600 கிராம் அளவில்தான் தேறும். ஒன்றுக்கு 40 கிராம் வைத்தால் 15 பணிஸ். பொருட்செலவை எல்லாரும் கணக்கிடுவார்கள்: இறைச்சி, பணிஸ், சரக்கு, பொதி செய்யும் கடதாசி, முச்சக்கர வண்டிக் காசு. மின்சாரத்தையும் சேருங்கள். 200 வாற் சட்டி 8 மணி நேரம் வேலை செய்தால் 1.6 அலகு.

விடுபட்டுப் போவது எது? எமது நேரம். சட்டி 8 மணி நேரம் தானாக வேலை செய்யட்டும். வெட்டுவது, வாட்டுவது, பிய்ப்பது, நிரப்புவது, கழுவுவது எல்லாம் சேர்த்து உங்கள் கைகள் 2 மணி நேரமாவது உழைக்கின்றன. அதே 2 மணி நேரம் வேறொரு வீட்டில் கூட்டித் துடைத்தால் உங்களுக்கு என்ன தருவார்கள்? அந்தத் தொகையைப் பொருட்செலவோடு கூட்டி 15ஆல் பிரியுங்கள். அதுதான் உங்கள் அடக்க விலை. அதற்குக் கீழே விற்றால் வாங்குபவருக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை என்று பழக்கப்பட்டுப்போனதால், வீட்டிலிருந்து விற்பதற்கும் கூலி போடக் கை கூசுகிறது. சமூகவியலில் இதை ஊதியமற்ற உழைப்பு என்பார்கள். கணவரை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டோ, தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு இது வெறும் பாடப்புத்தகச் சொல் அல்ல. பிள்ளையின் ரியூசன் காசு.

கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரிகளின் பெரிய துயரம் இன்னொன்று. விடியப்புறம் 2 மணிக்கு எழும்பி 50 ரோல்ஸ் செய்து கொடுப்பார்கள். மாலையில் 12 திரும்பி வரும். விற்றதற்கு மட்டுமே காசு. அந்த 12ஐ அன்றிரவு பிள்ளைகளுக்கு உணவாகக் கொடுப்பார்கள். நட்டம் முழுவதும் செய்தவளின் தலையில். கடைக்கு ஒரு சதமும் இல்லை.

பிய்த்த இறைச்சியின் உண்மையான பயன் இங்குதான் இருக்கிறது. ரோல்ஸைப் பொரித்துவிட்டால் அன்றே விற்றாக வேண்டும். இந்த இறைச்சி அப்படியல்ல. ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 3 நாள் இருக்கும். உறைய வைத்தால் இன்னும் பல வாரம். கட்டளை வந்த பிறகு, தேவையான அளவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி நிரப்பிக் கொடுக்கலாம். நிரப்பாத பணிஸ் திரும்பி வராது. அலுவலகங்களில், தொடர்மாடிகளில், பிறந்தநாள் வீடுகளில் முதல்நாளே கட்டளை கேளுங்கள். பாதிக் காசை முன்பணமாகக் கேளுங்கள். இரவில் சட்டியை வைத்துவிட்டு நித்திரை கொள்ளலாம். 2 மணிக்கு எழும்பத் தேவையில்லை.

விற்பவர் கவனிக்க வேண்டியவை சில. பொதியில் "மாட்டிறைச்சி" என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதுங்கள். கொட்டாஞ்சேனை போன்ற இடத்தில் இந்துக்கள், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், பௌத்தர்கள் ஒரே ஒழுங்கையில் வாழ்கிறார்கள். ஒருவரின் நம்பிக்கைக்கு மாறான உணவு தெரியாமல் அவர் வாய்க்குப் போகக் கூடாது. முஸ்லிம் சகோதரர்களுக்கு விற்பதானால் ஹலால் இறைச்சியையே வாங்குங்கள். பன்றி இறைச்சி சமைத்த பாத்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம். உணவு விற்பனை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே முதலில் போய்ச் சந்தித்து, என்ன செய்ய வேண்டுமென்று கேட்டுவிடுங்கள். முறைப்பாடு வந்தபின் அவர் உங்களைத் தேடி வருவதைவிட அது நல்லது.

ஒற்றை அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் என்ன செய்வது? மூன்று நான்கு பேர் சேருங்கள். ஒருவரிடம் சட்டி, ஒருவரிடம் பெட்டி, ஒருவருக்கு நல்ல சிங்களம், ஒருவருக்கு வாடிக்கையாளர். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அதன்படி காசைப் பிரியுங்கள். நட்பும் கெடாது, கணக்கும் பிழைக்காது.

இம்மாதம் ஒரு வேலை தருகிறேன். நீங்கள் இப்போது விற்கும் பொருள் எதுவாயினும், இடியப்பமோ, பற்றிஸோ, மிக்சரோ, அதற்குச் செலவாகும் உங்கள் நேரத்தை ஒரு நாள் மட்டும் மணிக்கூடு பார்த்து எழுதுங்கள். திரும்பி வந்த பண்டத்தின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். இரண்டையும் எமக்கு அனுப்புங்கள். கடைக்காரரிடம் "திரும்பி வருவதில் பாதி உங்கள் பொறுப்பு" என்று எப்படிப் பேசுவது என்பதை, உங்கள் கணக்குகளை வைத்தே அடுத்த இதழில் பார்ப்போம்.