முதியவர் எங்கே?

"காணவில்லை" என்று காவல் நிலையச் சுவரிலே ஒட்டப்படும் தாளைக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! நரைத்த தலை, ஒளி குன்றிய கண்கள். கீழே வயது, உயரம், அங்க அடையாளம். மழை வந்தால் தாள் கிழியும். அதன்மீது மற்றொரு தாள் ஒட்டப்படும். அந்த மனிதர் என்ன ஆனார்? கேட்பாரில்லை.

கேட்பார் இருந்த ஒரு முதியவரின் கதையைக் கேளுங்கள். கற்பனையல்ல, நாடகமுமல்ல. 2019 வரை நமது கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்திலே, குண்டலப்புலியூரிலே நடந்தது. எழுபது வயதையொட்டிய திருப்பூர் முதியவர் ஒருவர், 2021 டிசம்பரில் அங்குள்ள அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டார். பின்னர் பார்க்கச் சென்றோரிடம், அவரைப் பெங்களூரிலுள்ள இல்லத்திற்கு அனுப்பிவிட்டதாகக் கூறினர். பெங்களூரிலே தேடினர், அங்கும் அவர் இல்லை! சென்னை உயர்நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் நுழைந்தனர்.

கண்டது என்ன? உரிமம் இல்லை! ஆதரவற்றோர், மனநலம் குன்றியோர், முதியோர் என 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்துத் துன்புறுத்தினர், பாலியல் கொடுமை புரிந்தனர், இன்னும் பலரைக் காணவில்லை என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன. நடத்தியவர் கைதானார், வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. பெயரிலே அன்பு, பெயரிலே ஜோதி. உள்ளிருந்து மீண்டோர் உரைத்ததோ இருளின் கதை!

எண்ணிப் பாருங்கள். தேடியது ஒருவரை, வெளிச்சத்திற்கு வந்தது நூற்றுக்கு மேற்பட்டோரின் அவலம். அந்த ஒருவருக்குக் கடல் கடந்தும் சுற்றமும் நட்பும் இருந்தன. நீதிமன்றக் கதவைத் தட்டும் வலிமை இருந்தது. மற்றவர்களுக்கு?

சட்டம் இல்லையா? இருக்கிறது! பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்தது. முதியோரைக் கைவிட்ட பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நன்று! அரசின் கடமை? மாவட்டத்திற்கு ஒன்றேனும் என, வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு "அமைக்கலாம்" என்கிறது. கவனித்தீர்களா? பிள்ளைக்குத் தண்டனை, அரசுக்கு விருப்பம்! அந்தக் "கலாம்" என்ற இடைவெளியிலேதான் உரிமமில்லாத இல்லங்கள் முளைக்கின்றன.

வழக்காட வகையற்றோர் எங்கே என்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டா. மேற்கே நிமிர்ந்து பாருங்கள், கல்வராயன் மலை! 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த மலை. பிழைப்பு நாடிப் பிள்ளைகள் கேரளத்திற்கும் திருப்பூருக்கும் சென்றபின், குடிசையிலே தனித்திருக்கும் முதியவர் ஒருநாள் காணாமற் போனால், உயர்நீதிமன்றம் வரை நடப்பவர் யார்? 2024 ஜூனில் கருணாபுரத்திலே விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், அம்மலைமக்களின் வாழ்நிலை குறித்து நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. பிணம் விழுந்தபின் நீதிமன்றம் கேட்பதும், அதன்பின் அதிகாரிகள் மலையேறுவதும், ஆட்சி எவருடையதாயினும், பெருமையாகாது.

ஆகவே, கிளைக்கழகத் தோழர்களே, உங்களுக்கொரு பணி! வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறீர்கள். வாக்குச் சேகரிக்க வீடுவீடாய்ச் செல்கிறீர்கள். அதே பட்டியலிலே, தனித்து வாழும் முதியோரைக் குறித்துக்கொள்ளுங்கள். நியாயவிலைக் கடைக்கு இம்மாதம் வராதவர் யார்? உதவித்தொகை வாங்க வராதவர் யார்? திண்ணையில் அமர்ந்திருந்தவர் எங்கே? கேளுங்கள். இல்லத்தில் சேர்த்ததாகச் சொன்னால், எந்த இல்லம், உரிமம் உண்டா என்று கேளுங்கள். காணவில்லையெனில், காவல் நிலையத்திலே வழக்குப் பதியும் வரை திரும்பாதீர்கள்.

சட்டமன்றத்திலே நாம் எழுப்பவேண்டிய கோரிக்கையும் ஒன்றுண்டு: "அமைக்கலாம்" என்பதை "அமைத்தே தீரவேண்டும்" என்று திருத்துக! காணாமற் போன ஒவ்வொரு முதியவருக்கும், உற்றார் இருப்பினும் இல்லாவிடினும், அரசே உற்றாராக நின்று தேடுக!

உழைத்து ஓய்ந்த கரங்கள் அவை. அவர்கள் வெட்டிய வாய்க்காலிலேதான் இன்றும் நீர் ஓடுகிறது. அவர்களைத் தேடுவது தருமமன்று, கடன்!