சாய்ஸில் விட்ட பாடம்

ப்ளஸ் ஒன்னில் எங்கள் கணக்குப்பதிவியல் சார் ஒருநாள், "பிழைத் திருத்தம் கஷ்டம்பா, சாய்ஸில் விட்டுடுங்க" என்றார். சந்தோஷமாக விட்டோம். மார்க்கும் நன்றாகவே வந்தது.

பி.காம். முதல் செமஸ்டரில் மாட்டிக்கொண்டேன். இருப்பாய்வு டேலி ஆகவில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, தப்பைத் தேடத் தெரியாமல் முழித்தேன் :-(

சார் மேல் எனக்குக் கோபமில்லை. நேரம் போதாவிட்டால் எதையாவது விடத்தான் வேண்டும். ஆனால் எதை விடுவது என்பதை வினாத்தாளா முடிவு செய்வது? குறிப்பேடு தெரியாமல் பேரேடு இல்லை, பேரேடு இல்லாமல் இருப்பாய்வு இல்லை, அதெல்லாம் இல்லாமல் இறுதிக் கணக்கு இல்லை. எந்தப் பாடம் எதன் மேல் நிற்கிறது என்று ஆசிரியர்கள் வருட ஆரம்பத்திலேயே ஒரு தாளில் வரைந்து பார்த்தால் போதும். அஸ்திவாரத்துக்கு அதிக பீரியட், மாடிக்குக் கொஞ்சம் குறைவு.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. முன்பெல்லாம் பல தனியார் பள்ளிகளில் ப்ளஸ் ஒன்னிலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது ரத்து. மாணவர்களுக்குச் சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் தேர்வோடு சேர்த்துப் புத்தகத்தையும் மூடிவிட்டால்?

ப்ளஸ் டூவில் வரும் கூட்டாண்மைக் கணக்கை எதன் மேல் கட்டுவது? சாய்ஸில் விட்டது வினாத்தாளில் வராது, வாழ்க்கையில் வந்தே தீரும். நீங்கள் எந்தப் பாடத்தை விட்டீர்கள்?